உங்களுக்குத் தெரியுமா? கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் முன்…

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை முழுசாகப் பிரித்து, கிளட்ச் பிளேட், சீல், கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றியாயிற்று. வண்டியை எடுத்தால் ரிவர்ஸ் விழவில்லை. அல்லது மூன்றாவது கியருக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. பட்டறையில் உடனே எழும் பேச்சு, "திரும்ப இறக்கிடலாம்" என்பதுதான். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். ஓவர்ஹாலுக்குப் பிறகு வரும் தொல்லைகளில் பலவும் பெட்டிக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருப்பவை: ஒரு கேபிள், ஒரு எர்த் வயர், ஒரு லிட்டர் ஆயில். அவற்றைப் பார்க்காமல் பெட்டியை இறக்குவது வண்டிக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் தண்டச் செலவு.

●

பெரும் எண்ணிக்கையில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஏர்ல் தாம்ப்சன்தான், மேனுவல் பெட்டியில் கியர் கரகரக்காமல் விழச் செய்யும் சின்க்ரோமெஷையும் கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட், எம்24 சாஃபி டாங்கிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு கேடிலாக் எஞ்சின்கள், இரண்டு ஹைட்ரா-மேட்டிக் பெட்டிகள். அன்றிலிருந்து இன்றுவரை உள்ளே நடக்கும் அடிப்படை வேலை மாறவில்லை. பம்ப் கொடுக்கும் ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பிளேட்டுகளை இறுக்குகிறது, கியர் விழுகிறது. அழுத்தம் குறைந்தால் நேற்று போட்ட புது பிளேட்டும் வழுக்கித்தான் போகும். ஓவர்ஹாலுக்குப் பிறகு எந்தப் புகார் வந்தாலும் "அழுத்தம் எங்கே போகிறது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

●

ஆயில் அளவு பார்க்கும் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓட வேண்டும், பெட்டி சூடாக இருக்க வேண்டும், லீவர் பார்க்கில் இருக்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள ஹோண்டா பெட்டிகளில் சூடேறிய பின் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். கிரைஸ்லரின் பழைய டார்க்ஃப்ளைட் பெட்டிகளில் லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். அவற்றில் பார்க்கில், எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. முறை தப்பினால் அளவு தப்பும். அளவு தப்பினால் "கியர் லேட்டா விழுது" என்ற புகார் வரும். பெட்டியில் எந்தக் கோளாறும் இருக்காது.

●

காலியான பெட்டிக்கு எவ்வளவு ஆயில் வேண்டும் தெரியுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ பெட்டியில் அடித்தட்டைக் கழற்றி ஆயில் மாற்றினால் ஏறக்குறைய 4.7 லிட்டர் போதும். முழுசாகப் பிரித்துக் கட்டி, காலி கன்வெர்ட்டரோடு ஏற்றினால் ஏறக்குறைய 10.6 லிட்டர் வேண்டும். வழக்கமான ஆயில் மாற்றக் கணக்கை நினைவில் வைத்து ஐந்து லிட்டர் ஊற்றி எஞ்சினை முடுக்கினால், பம்ப் அத்தனையையும் கன்வெர்ட்டருக்குள் தள்ளிவிட்டுக் காற்றை இழுக்கத் தொடங்கும். முதல் ஓட்டத்திலேயே பிளேட் கருகும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயிலை விட்டுக்கொண்டே இருக்க ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது.

அதிகமாக ஊற்றுவதும் கெடுதல்தான். சுழலும் கியர்கள் ஆயில் மட்டத்தைத் தொட்டால் அதை அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது. மேலே உள்ள காற்றுத் துளை வழியாகப் பொங்கி வழியவும் செய்யும். பார்ப்பவர் சீல் ஒழுகுகிறது என்று முடிவுகட்டிவிடுவார்.

●

ஒரு காலத்தில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள் தெரியுமா? பிளேட்டுகள் வெடுக்கென்று பிடிக்காமல் மென்மையாகப் பிடிக்க ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் உதவியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்ததும் ஆயில் நிறுவனங்கள் மாற்றுக் கலவை தேட வேண்டியதாயிற்று.

அந்த 'பிடிக்கும் குணம்' இன்றும் ஒவ்வொரு ஆயிலுக்கும் வேறு. ஃபோர்டின் பழைய டைப்-எஃப் ஆயில் வெடுக்கென்று பிடிக்கும். டெக்ஸ்ரான் வகை ஆயில் மெதுவாகப் பிடிக்கும். இரண்டும் சிவப்புதான், நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிரைஸ்லர் 1989இல் கொண்டுவந்த அல்ட்ராடிரைவ் பெட்டிக்குத் தனி ஆயில் வேண்டும். டெக்ஸ்ரான் ஊற்றிய பெட்டிகள், கன்வெர்ட்டரைப் பூட்டும் லாக்-அப் நேரத்தில் நடுங்கின. ஓவர்ஹால் செய்த வண்டி நடுங்கினால், பில்லில் எந்த ஆயில் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

●

ஒரு கேபிள் ஒரு புதுப் பெட்டியையே எரித்துவிடும். 1982இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4, 1980இல் வந்த ஃபோர்டின் ஏஓடி இரண்டிலும் த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஓர் இணைப்பு வரும். 700ஆர்4இல் அது கேபிள். பெயர் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள். பலர் இதை வெறும் கிக்-டவுன் கேபிள் என்று நினைக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் அளவுக்கு ஏற்பப் பெட்டிக்குள் அழுத்தத்தை ஏற்றுவதும் அதுதான். கேபிள் தளர்ந்திருந்தால், எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும்போது பிளேட்டை இறுக்கும் அழுத்தம் மட்டும் குறைவாகவே இருக்கும். வண்டி ஓடும், கியர் விழும், எல்லாம் வழுவழுப்பாக நன்றாகவே தெரியும். உள்ளே பிளேட் கருகிக்கொண்டிருக்கும்.

700ஆர்4இல் இதைச் சரிபார்க்கும் விதத்தைக் கூர்ந்து கவனியுங்கள். எஞ்சின் நிறுத்தியிருக்க வேண்டும். கேபிளின் மேல்முனையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்து, உள்ளே நகரும் துண்டை த்ராட்டிலுக்கு எதிர்ப்பக்கமாகக் கடைசிவரை தள்ள வேண்டும். பொத்தானை விட்டுவிட்டு த்ராட்டிலை முழுசாகத் திறந்தால் 'டிக் டிக்' என்று தானே நகர்ந்து சரியான இடத்தில் நிற்கும். பிறகு ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பெடலைக் காலால் முழுசாக மிதிக்கச் சொல்லுங்கள். கையால் த்ராட்டிலைத் திறந்து பார்த்தால் போதாது. கார்ப்பெட் தடுத்து பெடல் பாதியில் நின்றால் அது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

ஏஓடியில் வேறு ஒரு சிக்கல். இணைப்பு த்ராட்டிலோடு சேரும் இடத்தில் உள்ள சின்ன நைலான் வளையம் சூட்டில் பொடிந்து உதிரும். வளையம் போனால் இணைப்பு கழன்று தொங்கும், அழுத்தம் விழும். அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

●

பெட்டியிலிருந்து ஆயில் குறைகிறது, கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை. எஞ்சின் ரிங் போய்விட்டதா? டர்போ-ஹைட்ராமேட்டிக் 350, 400, ஃபோர்டு சி4, சி6 போன்ற பழைய பெட்டிகளில் வாக்குவம் மாடுலேட்டர் என்ற சின்ன டப்பா இருக்கிறது. அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால், எஞ்சின் தன் உறிஞ்சும் குழாய் வழியாகக் கியர்பாக்ஸ் ஆயிலைக் குடித்து எரிக்கும். அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். சிவப்பு ஈரம் இருந்தால் கிடைத்துவிட்டது விடை. இதே மாடுலேட்டருக்கு வாக்குவம் வரவில்லை என்றால் கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும்.

●

எந்தக் கியர் இல்லை என்பதை எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. 4எல்60-இ பெட்டியில் முதல் கியரும் மூன்றாவது கியரும் வேலை செய்கின்றன; இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் இல்லை. இதைக் கேட்டதும் அனுபவமுள்ள மெக்கானிக் சொல்லும் பெயர் சன் ஷெல். தகடு போன்ற ஒரு கிண்ணம், நடுவில் பல் வெட்டிய கழுத்து. இரண்டுக்கும் நான்குக்கும் அதை பேண்ட் என்ற பட்டை பிடித்து நிறுத்த வேண்டும். ரிவர்ஸுக்கு அதைக் கிளட்ச் சுழற்ற வேண்டும். மூன்று வேலைக்கும் வழி அது ஒன்றுதான். கழுத்துப் பல் வழுக்கினாலோ உடைந்தாலோ மூன்றும் ஒரே நாளில் போய்விடும். முதல் கியருக்கு அதன் உதவி தேவையில்லை. மூன்றாவதில் முழுத் தொகுதியும் ஒன்றாகச் சுழல்வதால் பாரம் அதன்மேல் விழாது.

அதே பெட்டியில் ஒன்றும் இரண்டும் ரிவர்ஸும் நன்றாக இருந்து, மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் அலறினால் பார்க்க வேண்டியது மூன்று-நான்கு கிளட்ச் தொகுதி. இந்தப் பெட்டியின் பலவீனமான இடம் என்று பெயர் வாங்கியது அது. ஓவர்ஹாலில் புதுப் பிளேட் போட்டும் மறுபடி கருகினால், பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கிளட்சுக்கு வரும் ஆயில் வழியில் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பிளேட் இடைவெளி ஃபீலர் கேஜால் அளக்கப்படவே இல்லை. மூன்றாவது முறையும் அதே பிளேட்டைப் போடுவதில் அர்த்தமில்லை.

●

பிழை மின்சாரத்திலா, இரும்பிலா என்று ஒரு பிளக்கைக் கழற்றியே கண்டுபிடிக்கலாம். 4எல்60-இ பெட்டியில் இரண்டு ஷிஃப்ட் சோலினாய்டுகளுக்கும் (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வுகள்) கரண்ட் இல்லாவிட்டால் 'டி' நிலையில் மூன்றாவது கியர் கிடைக்கும், அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். வயர் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக நகர்த்திப் பாருங்கள். மூன்றாவது கியர் உறுதியாகப் பிடித்து இழுத்தால், அந்தக் கியருக்கு வேண்டிய பிளேட்டும் பம்பும் உயிரோடு இருக்கின்றன. தேட வேண்டியது வயரிங், சோலினாய்டு, கம்ப்யூட்டர் பக்கம். அப்போதும் வழுக்கினால் உள்ளே போக வேண்டியதுதான்.

●

ஸ்கேனரில் பி0700 என்று வந்தால் அதற்கு 'கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது' என்று பொருள் அல்ல. 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பிழைக் கோடு இருக்கிறது, போய்ப் பார்' என்பதுதான் அது சொல்லும் சேதி. எஞ்சின் கோடு மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் அங்கேயே நின்றுவிடும். உள்ளே போனால் பி0715 இன்புட் வேக சென்சார், பி0720 அவுட்புட் வேக சென்சார், பி0730 தவறான கியர் விகிதம், பி0741 லாக்-அப் கிளட்ச், பி0218 அதிகச் சூடு என்று விவரம் கிடைக்கும். ஓவர்ஹால் முடித்த மறுநாளே 0715, 0720 வந்தால் சென்சார் பிளக் இடம் மாறியதா, வயர் நசுங்கியதா என்று பாருங்கள்.

●

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைப் பெட்டி இறக்கும்போது கழற்றுகிறார்கள். ஏற்றும்போது அது ஒரு ஓரமாகத் தொங்கிக்கொண்டே இருந்துவிடுகிறது. எர்த் சரியில்லாவிட்டால் சோலினாய்டுகள் தாறுமாறாக வேலை செய்யும், கியர் தன்பாட்டுக்கு மாறும். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஸ்டார்ட்டர் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடி கியர் கேபிள் வழியாகவே பாயும். கேபிளின் உறை உருகியிருந்தால் அது நல்ல தடயம்.

●

பெட்டி புதிது, மூளை பழையது. ஓவர்ஹாலுக்குப் பிறகு கியர் 'தட்' என்று இடித்து விழுவதற்கு இது முக்கியக் காரணம். தேய்ந்துபோன பழைய பிளேட்டுகளுக்கு ஈடுகொடுக்க, கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை ஏற்றிப் பழகியிருக்கும். இப்போது புதுப் பிளேட்; ஆனால் அது பழைய கணக்கிலேயே அழுத்துகிறது. ஸ்கேனரால் அந்தப் பழைய கணக்கை அழித்து, நிறுவனம் சொல்லும் முறையில் வண்டியை ஓட்டிப் புதிதாகப் பழக்க வேண்டும். மேலே சொன்ன கிரைஸ்லர் அல்ட்ராடிரைவ் இந்த மாதிரிப் பழகிக்கொள்ளும் பெட்டிகளில் முன்னோடி. ஒவ்வொரு கிளட்சும் நிரம்ப எவ்வளவு ஆயில் வேண்டும் என்று அது அளந்து வைத்துக்கொள்ளும். ஓவர்ஹாலுக்குப் பின் ஸ்கேனரில் 'குவிக் லேர்ன்' கொடுப்பது அங்கே கட்டாயம்.

ஃபோர்டின் 6ஆர்80 போன்ற பெட்டிகளில் இன்னும் ஒரு படி. ஒவ்வொரு சோலினாய்டு தொகுதிக்கும் தொழிற்சாலையிலேயே அளந்த குணக் கணக்கு உண்டு. அதற்கான எண் அதன்மேலேயே பொறித்திருக்கும். தொகுதியை மாற்றிவிட்டு அந்த எண்ணுக்குரிய தகவலைக் கம்ப்யூட்டரில் ஏற்றாவிட்டால், புதுத் தொகுதி பழையதைவிட மோசமாக நடந்துகொள்ளும். பெட்டியை மூடும் முன்பே, பொருத்திய தொகுதியின் எண்ணைப் போனில் படம் பிடித்து வைப்பது நல்ல பழக்கம்.

●

டார்க் கன்வெர்ட்டர் முதலில் கப்பலுக்காகப் பிறந்தது தெரியுமா? ஜெர்மனியின் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றது, கப்பலின் வேகமான நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலும் உந்தியோடு இணைக்க. காரில் அது எஞ்சினின் முறுக்குவிசையை, கிளம்பும் நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தருகிறது.

●

கன்வெர்ட்டரைப் பொருத்துவதுதான் ஓவர்ஹாலின் மிக ஆபத்தான நேரம் என்பேன். அது பெட்டியின் முன்னால் மூன்று இடங்களில் போய் உட்கார வேண்டும். முதலில் இன்புட் ஷாஃப்டின் பல், அடுத்து ஸ்டேட்டர் தாங்கியின் பல், கடைசியில் பம்பின் கியர். கன்வெர்ட்டரை இரண்டு கையாலும் தாங்கி, உள்ளே அழுத்தியபடியே மெல்லத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு பல்லும் சேரும்போது 'டொக்' என்று ஓர் இறக்கம் கைக்குத் தெரியும். இரண்டாவது இறக்கத்தோடு நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் பார்வைக்கு அது உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருக்கும். மூன்றாவது இறக்கம்தான் பம்புக்கு உரியது.

அது சேராமல் பெட்டியை எஞ்சினோடு வைத்து போல்ட்டை முடுக்கினால், போல்ட் இறுக இறுக கன்வெர்ட்டர் பம்புக்குள் நசுங்கும். முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் கியர் உடையும். இதற்குச் சோதனை எளிது. பெட்டியும் எஞ்சினும் முழுசாகச் சேர்ந்த பிறகும், எஞ்சினோடு சுழலும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் போல்ட் போடும் முன், கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். அதற்கும் பிளேட்டுக்கும் இடையே பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். போல்ட் போட்டுக் கன்வெர்ட்டரை முன்னால் இழுக்கும்போது அந்த இடைவெளி மறையும். இடைவெளியே இல்லை, கையால் சுழற்றவும் முடியவில்லை என்றால் ஒரு போல்ட்கூட மேற்கொண்டு இறுக்கக் கூடாது.

எஞ்சின் பிளாக்கில் இருக்கும் இரண்டு டவல் பின்களையும் பாருங்கள். அவை இல்லாமல் ஏற்றினால் பெட்டி கொஞ்சம் கோணலாக உட்காரும். முன் சீல் கொஞ்ச நாளிலேயே ஒழுகும். சீலை எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகும்.

●

60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகும்போது வண்டி தடதடவென்று நடுங்குகிறதா? காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்காமல், இடது காலால் பிரேக் பெடலை லேசாக, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பல வண்டிகளில் அந்த நொடியே லாக்-அப் கிளட்ச் விடுபடும். நடுக்கம் நின்றால் சந்தேகம் லாக்-அப் மேல். நிற்காவிட்டால் பிளக், காயில் என்று எஞ்சின் பக்கம் போங்கள். எஞ்சின் மிஸ்ஃபயரும் இதே போலத்தான் நடுங்கும். பின்னால் வண்டி வராத காலிச் சாலையில் மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

●

பழைய பெட்டி செத்தபோது கொட்டிய தூள் எங்கே போனது? கூலருக்குள். ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்னக் குழாய்த் தொகுதியில் கிளட்ச் தூளும் இரும்புத் துகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவாமல் புதுப் பெட்டியை இணைத்தால் முதல் சுற்றிலேயே அத்தனையும், ஆயிலை ஒவ்வொரு கிளட்சுக்கும் பிரித்தனுப்பும் வால்வ் பாடிக்குள் வந்து சேரும். இல்லாவிட்டால் கூலர் அடைத்துப் பெட்டி சூடேறும். திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். ஐட்லிங்கில் 20, 30 விநாடிக்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் வர வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. குறைந்தால் கூலரை மாற்றுவதே மேல். ஒரு கூலர் விலை ஒரு ஓவர்ஹால் விலை அல்ல.

ஆயில் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் போல இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் மோசம்: ரேடியேட்டருக்குள் தடுப்பு உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், ஃபிரண்டியர், எக்ஸ்டெரா வண்டிகளில் இது அமெரிக்காவில் வழக்கு வரை போனது. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டையை இரும்போடு ஒட்டும் பசையைத் தண்ணீர் கரைத்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றிக் காப்பாற்றிவிடலாம் என்று நம்ப வேண்டாம். ரேடியேட்டரை மாற்றாமல் ஓவர்ஹால் செய்தால் புதுப் பிளேட்டுக்கும் அதே கதிதான்.

●

4எல்60-இ வால்வ் பாடியில் இரண்டு கேஸ்கெட். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் 'சி', மற்றதில் 'வி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 'சி' கேஸ் பக்கம், 'வி' வால்வ் பாடி பக்கம். மாற்றிப் போட்டால் சில ஆயில் வழிகள் அடையும், சில வழிகள் ஒன்றோடொன்று கலக்கும். நன்றாகக் கட்டிய பெட்டி கியரைத் தொலைத்து நிற்கும். அதே இடத்தில் வைக்கும் சின்னச் செக் பால் ஒன்று இடம் மாறினாலும் இதே கதை. நல்ல செய்தி: இதற்கெல்லாம் பெட்டியை இறக்க வேண்டாம். அடித்தட்டைக் கழற்றினால் வால்வ் பாடி கைக்கு வந்துவிடும்.

செக் பால் விழாமல் இருக்க வாசலின் தடவுவது பழைய வழக்கம். சூட்டில் அது ஆயிலோடு கரைந்துவிடும். வீல் பேரிங் கிரீஸ் தடவினால் கரையாது. கட்டியாகி ஃபில்டரையும் சின்னத் துளைகளையும் அடைக்கும்.

●

புது ஃபில்டர் போட்டதும் பெட்டி 'ஙொய்ய்' என்று முனகுகிறதா? பழைய ஃபில்டரின் கழுத்து சீல் துளைக்குள்ளேயே தங்கியிருக்கும். அதன்மேல் புது சீலை அடித்திருப்பார்கள். ஃபில்டர் சரியாக உட்காராது, பம்ப் காற்றை இழுக்கும். டிப்ஸ்டிக்கில் நுரை தெரியும்.

●

நல்ல பட்டறை, வால்வ் பாடியை மூடும் முன் ஒவ்வொரு கிளட்ச் வழியிலும் காற்றடித்துப் பார்க்கும். 'தொப்' என்று பிஸ்டன் நகரும் சத்தம் கேட்க வேண்டும். வெறும் 'ஸ்ஸ்' என்றால் சீல் மடங்கியிருக்கிறது. இந்தச் சோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும். உங்கள் பெட்டியைக் கட்டுபவரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

●

அழுத்தத்தை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். பெரும்பாலான பெட்டிகளில் அதற்கென்று ஒரு துளை இருக்கிறது. ரிவர்ஸில் முன் கியர்களைவிட அழுத்தம் அதிகம் ஏறும் என்பதால் 300 பி.எஸ்.ஐ. காட்டும் மீட்டர் வேண்டும். எல்லாக் கியரிலும் குறைவு என்றால் ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப், ரெகுலேட்டர். ஒரு கியரில் மட்டும் விழுகிறது என்றால் அந்தக் கிளட்சின் சீலில் கசிவு. அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்குகிறது என்றால்தான் பிளேட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும். பெட்டியை இறக்கலாமா வேண்டாமா என்ற வழக்கில் இந்த மீட்டரின் சாட்சியை நான் வேறு எதையும்விட நம்புவேன்.

●

ஃபோர்டு சி4 பெட்டியின் நடு பேண்டை 10 அடி-பவுண்டுக்கு இறுக்கி ஒன்றே முக்கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். சி6இல் ஒன்றரைச் சுற்று. கால் சுற்றுதான் வித்தியாசம், ஆனால் இரண்டாவது கியர் விழும் விதமே மாறும்.

●

இந்தியாவில் 2014இல் மாருதி செலெரியோவோடு பரவலான ஏஎம்டி, மேலே சொன்ன வகை அல்ல. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் லீவரையும் ஓர் இயந்திரக் கை இயக்குகிறது. அதற்கு டார்க் கன்வெர்ட்டரும் கிடையாது, டிவி கேபிளும் கிடையாது. கிளட்ச் மாற்றிய பின் ஸ்கேனரால் புதுக் கிளட்ச் பிடிக்கும் இடத்தைப் பழக்கிக் கொடுக்காவிட்டால் மட்டும் அதுவும் உதறும்.

●

'ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்' என்று கார் நிறுவனங்கள் சொல்லும் பெட்டிகளுக்கு, அவற்றைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. இவற்றில் டிப்ஸ்டிக் இல்லை. எஞ்சின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில், பக்கத் துளையில் ஆயில் மெல்ல வழிகிறதா என்று பார்த்துத்தான் அளவு தெரியும். சூட்டை ஸ்கேனரில் படிக்காமல் நிரப்பினால் அளவு தப்பும்.

●

ஓவர்ஹால் முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அடித்தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். தட்டின் மூலையில் காந்தம் இருக்கும். அதில் படிந்ததை விரல் நுனியால் எடுத்துத் தேயுங்கள். மை போல வழுவழுப்பான சாம்பல் பசை என்றால் கவலை இல்லை. புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்வது அது. விரலில் நெருடினால் இரும்பு உடைகிறது. மஞ்சளாக மின்னினால் புஷ் தேய்கிறது. கறுப்புத் துணுக்குகள் கிடந்து ஆயிலில் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் கருகுகிறது. தட்டை ஒரு வெள்ளைத் தாளில் கவிழ்த்து, வெயிலில் பார்த்து, படம் எடுத்து, கிலோமீட்டரையும் தேதியையும் குறித்து வையுங்கள். உத்தரவாதம் பற்றிப் பேச்சு வரும் நாளில் அந்தப் படத்தை மேஜைமேல் வைக்கலாம்.